ஆரஞ்சு விளக்கும் ஆயுத பூஜையும்

வைட்ஃபீல்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அபார்ட்மென்டில், எனக்கு நெட்வொர்க் வேலை என்பதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். லிஃப்டில் ஒருநாள் உளறிவிட்டேன். மறுவாரமே அசோசியேஷன் செக்ரட்டரி என்னை செக்யூரிட்டி அறைக்குக் கூட்டிப்போனார்.

அவர் பேங்கில் இருந்து ரிடையர் ஆனவர். பூர்வீகம் ஆம்பூர் பக்கம், பிறந்ததும் வளர்ந்ததும் பெங்களூர். வாட்ச்மேனைக் கன்னடத்தில் அதட்டிக்கொண்டே என்னிடம் தமிழில் குழைவார். சுவரில் மாட்டியிருந்த ஸ்விட்சைக் காட்டினார். கேமராக்களின் கேபிள் எல்லாம் வந்து சேர்கிற பெட்டி அது. கேபிள் செருகும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் மேலே ஒரு சின்ன விளக்கு. எல்லாம் பச்சையாக எரிய, ஒன்று மட்டும் ஆரஞ்சாக இருந்தது.

பி பிளாக்கில் இன்னொரு ஸ்விட்ச் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் இரண்டு கேபிள் போட்டிருக்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் ஓடினால் போன தகவலே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து எல்லாம் அடைத்துக்கொள்ளும். அதனால் ஸ்விட்ச் தானாகவே ஒரு போர்ட்டை மூடி வைக்கும். ஓடுகிற கேபிள் அறுந்துபோனால், மூடியிருக்கும் இந்த போர்ட் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்கும், யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும், பிறகு திறந்துகொண்டு பச்சையாகிவிடும். ஆரஞ்சு என்றால் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

"அப்போ ரிப்பேர் இல்லேன்றே," என்றார்.

"இல்லை அங்கிள்."

"ஆனா ஆரஞ்சா இருக்கே."

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குரூப்பில், ஒரு போர்ட் பிளாக் ஆகியிருப்பதாகவும் நான் கவனித்து வருவதாகவும் போட்டுவிட்டார். மறுநாள் காலை பிளம்பர் நீளமான கம்பியோடு என் வீட்டு வாசலில் நின்று, அடைப்பு எங்கே என்று கேட்டார். பெட்டி தெற்கே பார்த்து இருப்பதுதான் காரணம் என்றார் மூன்றாம் மாடிக்காரர். பச்சை நெயில் பாலிஷ் தடவிவிடச் சொன்னாள் என் மனைவி. அதைப் பற்றி நான் தீவிரமாகவே யோசித்தேன்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. ஜெனரேட்டர், லிஃப்ட் மோட்டார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு செக்ரட்டரி ஸ்விட்சுக்கு வந்தார். காற்று போகும் ஓட்டைகளை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன். குங்குமம் வைத்து, சாமந்தி செருகி, கற்பூரம் காட்டினார். திடீரென்று பி பிளாக் கேமரா படங்கள் எல்லாம் உறைந்து நின்றன. அரை நிமிஷம் போயிருக்கும். படங்கள் மறுபடி அசைந்தன. ஆரஞ்சு விளக்கு பச்சையாக எரிந்தது.

வாட்ச்மேன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். செக்ரட்டரிக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டோ எடுத்து குரூப்பில் போட, கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன.

பி பிளாக்கின் மற்ற கேபிள் செருகியிருந்த பக்கத்து போர்ட்டின் விளக்கு சுத்தமாக அணைந்திருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். கேபிள் போகும் வழியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். பூஜைக்கு வாழைமரம் கட்ட வேண்டும், வண்டி டிராஃபிக்கில் மாட்டியதால் மரம் அப்போதுதான் வந்திருந்தது. தோட்டக்காரர் கடப்பாரையால் குழி தோண்டிக்கொண்டிருந்தார். குழிக்குள் கேபிளின் அறுந்த நுனி எட்டிப் பார்த்தது. வேர் என்று நினைத்து வெட்டினாராம்.

திரும்பி வந்து செக்ரட்டரியிடம், இந்தப் பச்சை நல்ல சேதி இல்லை, ஒரு கேபிள் போய்விட்டது, இப்போது ஸ்பேர் கிடையாது என்றேன்.

"நல்லா எரியறதை ஏம்பா நோண்டறே?" என்றார்.

இதுவும் அறுந்தால் பி பிளாக் கேமராக்கள் மொத்தமும் இருட்டு என்று சொன்ன பிறகுதான் அரைமனதாகச் சம்மதித்தார்.

அந்த வாரக் கடைசியில் ஆள் வந்து புதுக் கேபிள் இழுத்தார். செக்ரட்டரி, வாட்ச்மேன், மூன்றாம் மாடிக்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அதைச் செருகினேன். உடனே இரண்டு விளக்கும் ஆரஞ்சாயின. பி பிளாக் படங்கள் உறைந்தன. புதுக் கேபிள் இப்போதுதான் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மூன்றாம் மாடிக்காரர் செல்போனில் திசைகாட்டியைத் திறந்தார். அரை நிமிஷத்தில் படங்கள் வந்துவிட்டன. புதுக் கேபிளின் விளக்கு பச்சையானது. மற்றது ஆரஞ்சிலேயே நின்றது. எனக்குப் பரம திருப்தி.

செக்ரட்டரி ஆரஞ்சு விளக்கை விரலால் தொட்டுக் காட்டினார்.

"பூஜை பண்ணி நான் பச்சையாக்கினேன்," என்றார் மெதுவாக. "நீ படிச்சவன்."

அடுத்த கூட்டத்தில் என்னை நெட்வொர்க் பொறுப்பிலிருந்து விடுவித்து நீச்சல் குளக் கமிட்டியில் போட்டார்கள். குளத்தில் இன்னும் தண்ணீர் விடவில்லை.