ஒரு பக்கம் மட்டும் தெளியும் என்லார்ஜர்

தடையை மீறி ஊர்வலம் போகுமுன் குரூப் போட்டோ எடுத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். போன வாரம் நீங்கள் பதினோரு பேரும் கதரும் மாலையுமாக என் திருக்கோகர்ணம் ஸ்டூடியோவில் நின்றீர்கள்.

இன்று காலை இன்ஸ்பெக்டர் வந்தார். அந்த நெகட்டிவைப் பெரிதாக்கி, முகங்கள் தெரியும்படி தர வேண்டுமாம்.

எல்லாரையும் மங்கவைத்தால் சந்தேகம் வரும். பாதிப் பேராவது தப்பட்டும் என்று, படம் பெரிதாக்கும் என்லார்ஜரில், லென்ஸுக்கு அடியில் ஒரு பக்கமாக மடித்த அட்டையைச் செருகி லென்ஸைச் சாய்த்துவைத்தேன். இடப்பக்கம் நின்றவர்கள் துல்லியமாக விழுந்தார்கள். வலப்பக்கம் வெறும் புகை.

“என்னங்க, அங்கிட்டு ஒரே மங்கலா இருக்கு? சரிபண்ணுங்க.”

உங்களில் இரு பக்கத்தாருக்கும் நியாயமாக இருக்கட்டும் என்று அட்டையை மறுபக்கம் மாற்றி இன்னொரு படம் போட்டேன். இப்போது வலப்பக்கம் தெளிந்தது, இடப்பக்கம் புகைந்தது.

“பழைய மிஷினுங்க. ஒரு நேரத்துல ஒரு பக்கந்தான் தெளியும்.”

அவர் கோபப்படவில்லை. இரண்டு படங்களும் காயும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு கத்தரிக்கோல் கேட்டார். தெளிந்த பாதிகளை வெட்டிச் சேர்த்துவைத்து, “இப்பச் சரியா இருக்கா, பாருங்க” என்றார்.

சரியாகத்தான் இருந்தது.

பதினோரு பேரும் நலமா என்று உடனே பதில் எழுதுங்கள். எந்த ஊரிலிருந்து என்பதை மட்டும் எழுத வேண்டாம்.