ஜன்னலைப் பார்த்துத் திரும்பிய லேபிள்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பாகலூர் பக்கம் ஒரு சுருள்பாசிப் பண்ணையில் வேலை பார்த்தேன். சிமெண்ட் தொட்டிகளில் பாசி வளர்த்து, காயவைத்துப் பொடியாக்கி, சத்து மாத்திரைக்கு அனுப்புவோம். தொட்டிகளுக்கு விதை மாதிரி, உள்ளே ஓர் அறையில் ஜன்னலோரம் பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகளில் தாய்ப்பாசி இருந்தது. அது போனால் பண்ணையே போச்சு. அதற்குக் காவல் நான். தாவரவியல் பட்டதாரி என்பதை யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்கிற வயது.

ஒவ்வொரு ஜாடியிலும் என் முத்தான கையெழுத்தில் லேபிள் ஒட்டி, அறைக்குள் வருகிறவர் கண்ணில் படும்படி நிறுத்தியிருந்தேன். 'தொடாதீர்கள்' என்றும் எழுதியிருந்தேன். சாயங்காலம் பார்த்தால் லேபிள்கள் எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். நான் மறுபடி என் பக்கம் திருப்பி வைப்பேன். தினமும் இதே கதை.

அறையைக் கூட்டித் துடைக்க உத்தனப்பள்ளியிலிருந்து வரும் பெண்தான் திருப்புகிறாள் என்று ஒருநாள் கண்டுபிடித்தேன்.

"எதுக்கும்மா இதைத் திருப்புற?"

அவள் குனிந்து தரையைத் துடைக்கத் தொடங்கினாள். வாசலில் நின்ற இன்னொருத்தி, "சாரு எழுத்து கொஞ்சம் வெயில் காயட்டும்னுதான் சார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புதான் சுட்டது. ஜாடியைத் திருப்பியவளைப் பாசி உலர்த்தும் களத்துக்கு மாற்றினேன். இன்னொரு முறை ஜாடியைத் தொட்டால் வேலை போய்விடும் என்றும் சொல்லிவைத்தேன்.

பத்து நாள் லேபிள்கள் போலீஸ் அணிவகுப்பு போல நின்றன. பதினோராம் நாள் பார்க்கிறேன், பாசி மஞ்சளடித்து அடியில் படிந்து கிடக்கிறது. ஒவ்வொரு ஜாடியிலும் ஜன்னல் பக்கத்துப் பாசி வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட, பின்னால் இருந்தது இருட்டில் பட்டினி கிடந்திருக்கிறது. இதைப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

களத்துக்கு ஓடினேன். ஏன் திருப்பினாய் என்று இந்த முறை நிஜமாகவே கேட்டேன்.

"எம் பையனுக்கு ஆறு மாசம் சார். ஒரே பக்கமா படுக்கப் போட்டா தலை சப்பையாயிடும். மாத்தி மாத்திப் போடணும். நான் இங்க வந்துட்டா அங்க யாரு மாத்தறாங்களோ என்னமோ. இதுங்களும் ஒரே பக்கமா நின்னுட்டிருந்துச்சுங்க, சரி இதையாச்சும் திருப்புவோம்னு..."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "வந்து திருப்பும்மா" என்று மட்டும் சொன்னேன். வந்தாள். ஒவ்வொரு ஜாடியையும் இரு கையாலும் ஏந்தி, மெல்லக் குலுக்கி, கொஞ்சம் திருப்பி வைத்தாள். மூன்று ஜாடிகள் தேறவில்லை. ஒன்பது மெதுவாகப் பச்சை பிடித்தன.

திருப்பியது யார், தடுத்தது யார் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டி முடித்ததும், குழந்தையை அவள் கூடவே கொண்டுவரலாமா என்று கேட்டேன். மறுவாரமே பக்கத்து அறையில் தூளி தொங்கியது. ஜாடிகளைத் திருப்பிய கையோடு போய்ப் பையனையும் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வருவாள். நான் லேபிள்களை உரித்து மூடிகளின் மேல் ஒட்டினேன்.

இப்போதும் யாரையாவது 'தொடாதே' என்று அதட்ட வாயெடுக்கும்போது அந்த இரண்டு கைகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. எதற்காகத் தொட்டாய் என்று முதலில் கேட்கும் அளவுக்காவது என்னைத் திருப்பி வைத்தவள் அவள்தான்.