என் விற்பனையிலிருந்து வரியைக் கழித்த எஸ்தர்

மூத்த பேரன் சென்னையில் மருந்துக் கம்பெனி வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவன் தங்கை கல்லூரிக் கபடி அணிக்குத் தலைவி. கடைக்குட்டி கணக்கில் நூற்றுக்கு நூறு. மூன்றையும் போன திங்கட்கிழமை நம் கடைத்தெருப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டு, எஸ்தரின் பதிலுக்காகக் காத்திருந்தேன். எப்போதும் முதல் வாழ்த்து அவளுடையதுதான். அன்று அவள் தம்பி போன் செய்தார். "அக்கா காலையில தவறிட்டாங்கம்மா, மாரடைப்பு" என்றார்.

ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து நம் கடைகளுக்கெல்லாம் கணக்கெழுதியவள். ஐந்தாவதோடு நின்றவள் நான். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அழத்தான் உட்கார்ந்தேன். அவளை நினைத்தால் சிரிப்பல்லவா வருகிறது!

என் புடவைக் கடையில் விலை ஒரே பேச்சு. பத்தாயிரத்து ஐந்நூறு என்றால் வரி உள்பட. பில் போடுவது மருமகள், நோட்டில் எழுதுவது நான். கைக்கு வந்ததை அப்படியே விற்பனை என்று எழுதுவேன். ஒரு வருஷம் கூட்டிப் பார்த்தால் முப்பது லட்சத்து நாற்பத்தைந்தாயிரம்! தெரு முழுக்கச் சொன்னேன். கட்டடத்துக்காரரையும் விடவில்லை. விற்பனை முப்பது லட்சத்தைத் தாண்டினால் வாடகை ஒன்றரை மடங்கு என்று ஒப்பந்தம் இருந்தது பெருமையில் மறந்தே போயிற்று. மறுநாளே வந்து நின்றார். அந்த வாடகைக்கு அன்றைக்குக் கடையை மூட வேண்டியதுதான்.

எஸ்தரைக் கூப்பிட்டேன். நோட்டைப் புரட்டினாள்.

"பத்தாயிரத்து ஐந்நூறுல ஐந்நூறு யாருதும்மா?"

"சர்க்காருது."

"அப்ப அத்த ஏன் உங்க விற்பனையில சேத்தீங்க? பட்டு நூல பசையோட எடை போட்டுட்டு, காய்ச்சி பசை போன பெறவும் அதே எடை இருக்குதுன்னு சொல்வீங்களா?"

தறிக்காரர் வீட்டுப் பெண் நான். சுருக்கென்று உறைத்தது.

வரியைக் கழித்தாள். இருபத்தொன்பது லட்சம். கட்டடத்துக்காரர் ஒப்பவில்லை. "கல்லாவுக்குப் பணம் வந்துச்சா, இல்லையாம்மா?"

"வந்துச்சுண்ணே, அதுல வரி அப்படியே சர்க்காருக்குப் போயிடும். உங்க பாத்திரக் கடையில வரியையும் உங்க விற்பனைன்னு காட்டிக்கினு இருக்கீங்களா?"

அவர், "இந்தம்மாகிட்ட நம்மால ஆகாதுப்பா" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

அவர் போனதும் எனக்கு வேறு கவலை. "எஸ்தரு, வாடகையும் ஏறக் கூடாது, முப்பது லட்சமும் குறையக் கூடாது. தெருவெல்லாம் சொல்லிட்டேனே, ஏதாவது பண்ணும்மா."

"ரெண்டுல ஒண்ணுதான்மா! சர்க்கார் பணத்த வெச்சிக்கினு பந்தா காட்டாதீங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விட்டாளா? கடை கடையாக என்னை அழைத்துப் போய் இருபத்தொன்பது என்று திருத்திச் சொல்ல வைத்தாள். நீங்களும் அன்று என்னை என்ன கேலி செய்தீர்கள்!

போன வருஷம் வரியைக் கழித்தே முப்பத்தாறு லட்சம். கணக்கை முடித்த கையோடு கடை வாசலில் போய் நின்றாள். "இப்ப சொல்லுங்கம்மா, சத்தமா!" என்றாள். எனக்கு வெட்கம். அவளே கைதட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். ஏறின வாடகையைச் சந்தோஷமாகவே கட்டுகிறேன்.

கையில் வரும் பணத்தில் என்னுடையது அல்லாததை முதலில் எடுத்து வைக்கும் பழக்கம் அவள் கொடுத்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

குழுவில் போட்டிருக்கும் அஞ்சலிப் படத்தில் எஸ்தர் வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள். அப்படி ஒருநாளும் நான் அவளைப் பார்த்ததில்லை. அன்று என் கடை வாசலில் உங்களில் பலர் செல்போனில் படம் எடுத்தீர்கள். அவள் கைதட்டிச் சத்தம் போடுகிற படம் யாரிடமாவது இருக்கும். அதைப் போடுங்களம்மா.