குழிக்குள்ளிருந்து கைதட்டியோம்

இரண்டாம் உலக யுத்த காலம். எங்கள் கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவைப் பழக்கிய மாஸ்டர் ஓய்வுபெற்ற அன்று பின்னேரம், மாலையைப் போட்டு முடித்ததுதான் தாமதம், திருகோணமலைத் துறைமுகப் பக்கம் அந்தச் சனியன் பிடித்த விமான எச்சரிக்கைச் சைரன் ஊதியது. நன்றி சொல்ல நான் பாடமாக்கிய பேச்சைத் தொடங்கவே முடியவில்லை.

விளையாடியவர்களும் பார்க்க வந்தவர்களும் மைதானத்தைச் சுற்றி வெட்டியிருந்த குழிகளுக்குள் குதித்தோம். குண்டு அதிர்ச்சியில் நாக்குக் கடிபடாமல் இருக்க, ஆளாளுக்கு எப்போதும் கூடவே வைத்திருந்த றப்பர்த் துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டோம். ஆபத்து நீங்கியதென்று சைரன் மறுபடி ஊதும்வரை அதை எடுக்கக்கூடாது. மாஸ்டர் மட்டும் இறங்கவில்லை. எல்லோரும் இறங்கிவிட்டோமா என்று பார்த்தபடி நடுவில் நின்றார்.

விமானம் வரவில்லை. காற்றும் இல்லை, ஆனாலும் வளையத்தில் வலை மெல்ல ஆடியது.

பொறுக்க ஏலாமல், அந்தப் பேச்சுக்குப் பதிலாகக் கைதட்டினேன். பக்கத்துக் குழியும் தட்டியது. பிறகு எல்லாக் குழிகளும். வெளியே ஒரு தலைகூடத் தெரியவில்லை. நிலமே கைதட்டியது.

மாஸ்டர் மாலையைக் கழற்றினார். குழிகளைப் பார்த்துக் கேட்டார்.

“பிள்ளையள், எல்லாரும் உயிரோடதானே இருக்கிறியள்?”

வாயில் றப்பர். ஓம் என்று சொல்ல முடியாமல், இன்னும் பலமாகத் தட்டினோம்.