அறுநூற்றுப் பன்னிரண்டு உறைகளும் ஒரு கண்டக்டரும்

கண்டக்டர் என்று சொன்னால்தான் அவரை யாருக்கும் தெரியும். இருபத்தெட்டு வருஷம் பேருந்தில் டிக்கெட் கிழித்தவர். முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்ததும் வேலையை விட்டார், அதிகாரத்தை விடவில்லை. வீட்டில் உட்கார்ந்து மனைவியின் சமையலுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தவரை மூன்றே மாதத்தில் அந்த அம்மாள் தன் தம்பியிடம் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டாள். "இவரை வச்சு ஏதாவது வேலை வாங்குடா. உனக்குக் கோடிப் புண்ணியம்."

அந்தத் தம்பிக்கு, அதாவது கண்டக்டரின் மச்சினனுக்கு, இருபத்திரண்டு வயதில் பார்வை போனது. போன பிறகுதான் அவன் ஒரு இடத்தில் உட்காராமல் அலைய ஆரம்பித்தான். பார்வையற்றவர்களுக்குப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து சி.டி.யில் அனுப்பும் சங்கம் ஒன்றை மருந்துக்கடை மாடியில் இரண்டு அறைகளில் நடத்திவந்தான். சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் இல்லை. மாதம் நாற்பது பேருக்கு ஆளுக்கொரு சி.டி. போகும்.

அனுப்பும் முறை எளிது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறை. உறையின் மேல் ஒரு ஜன்னல், அதற்குள் செருகிய அட்டை. அட்டையின் ஒரு பக்கம் கேட்பவரின் விலாசம், மறுபக்கம் சங்கத்தின் விலாசம். கேட்டு முடித்தவர் அட்டையைத் திருப்பிச் செருகித் தபால் பெட்டியில் போட்டால் உறை சங்கத்துக்கு வந்துவிடும். சங்கத்தில் அட்டையை மறுபடி திருப்பி, புது சி.டி. வைத்து அனுப்புவார்கள். விரலுக்குத் தெரிவதற்காக அட்டையின் ஒரு மூலையை வெட்டியிருப்பார்கள். வெட்டு வலது பக்கம் இருந்தால் உறை அவர் வீட்டுக்கு. இடது பக்கம் இருந்தால் சங்கத்துக்கு.

நாற்பது உறைகளையும் கண்டக்டர் ஒருவரே பார்த்துக்கொண்டார். அட்டையைத் திருப்பிப் பெயரை உரக்கப் படிப்பார், கூடவே ஒரு விமர்சனமும் வரும். "பியானோ ரிப்பேர்காரர்! இந்த மனுஷன் என்னைக்குத்தான் டைமுக்குத் திருப்பி அனுப்புவாரோ!" பக்கத்து அறையில் பதிவு நடந்தால் கதவைத் தட்டி வாயை மூடச் சொல்வார்கள். அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அப்போதுதான் அந்த அரசாங்கத் தேர்வு வந்தது. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது. பாடத்திட்டத்தையும் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்கள். புதுப் பாடம் அச்சில் இருந்தது, ஒலியில் எங்குமே இல்லை. எங்கிருந்தெல்லாமோ போன் வந்தது. நாற்பது பேர் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் ஆனார்கள். பாதிப் பாடத்தைப் புது உறை, புது அட்டையோடு போன மாதம் அனுப்பியாகிவிட்டது. உறைகள் திரும்பி வந்தன. மீதிப் பாதி போக வேண்டும். தேர்வு ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமைத் தபாலை விட்டால் சனிக்கிழமைக்குள் போய்ச் சேராது.

ஒரே தடவையில் பத்து சி.டி. பதியும் டவர் மெஷின் ஒன்று நன்கொடையாக வந்தது. செவ்வாய்க்கிழமை எட்டுத் தன்னார்வலர்கள் வந்தார்கள். கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை. நீள மேஜையின் இரு பக்கமும் ஆட்களை உட்காரவைத்தார். ஒருவர் பழைய சி.டி.யை எடுக்க, அடுத்தவர் புதியதை வைக்க, மூன்றாமவர் மூட.

"பேர் படிச்சுக்கிட்டு உக்காந்தா விடிஞ்சிடும். யாரும் பேர் படிக்கக் கூடாது. எடு, வை, மூடு, அடுத்தது!"

அவரே போட்ட சட்டம். மச்சினன் மட்டும் ஒருமுறை கேட்டான். "மாமா, எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"மாப்ள, நாற்பது பேரை ஏத்துறதுக்கும் அறுநூறு பேரை ஏத்துறதுக்கும் வித்தியாசம் இருக்கு. நீ பேசாம இரு."

புதன்கிழமை மூன்றே முக்கால் மணிக்கு ஆறு மூட்டைகளும் தபால் நிலையத்துக்குப் போயின. எல்லோரும் கை தட்டினார்கள். கண்டக்டர், தான் ஒருவரே சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்த மாதிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேஜையில் ஓர் உறை மட்டும் மிச்சம். மச்சினனுடையது. அவனும் கேட்பவர்களில் ஒருவன்தான். தன் உறையைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப்போவான். எடுத்தவன் அட்டையின் மூலையைத் தடவினான்.

"மாமா, இதைத் திருப்பலையே."

"உன்னோடதுதானே, நீதானே எடுத்துட்டுப் போகப்போற?"

"சரி. மத்ததையெல்லாம் யார் திருப்பினா?"

எடுத்தவர் வைத்தவரைப் பார்த்தார். வைத்தவர் மூடியவரைப் பார்த்தார். மூடியவர் கண்டக்டரைப் பார்த்தார்.

கண்டக்டர் மச்சினனின் உறையை வாங்கி ஜன்னலைப் பார்த்தார். பெயரைப் படிப்பதற்காகத்தான் இத்தனை நாளும் அட்டையைத் திருப்பியிருக்கிறார். படிக்க வேண்டாம் என்றதும் திருப்புகிற வேலை யாருடையதும் இல்லாமல் போய்விட்டது. மூட்டைகளில் போன அறுநூற்றுப் பதினோரு உறைகளும் ஊரைச் சுற்றிவிட்டு நேராக இந்த மருந்துக்கடை மாடிக்கே வரும்.

தபால் நிலையம் மூன்று தெரு தள்ளி. மச்சினன் அவர் தோளைப் பிடித்துக்கொள்ள, முழங்காலைச் சபித்துக்கொண்டே அவர் ஓடினார். போய்ச் சேரும்போது மணி நாலே கால். வேன் ஐந்தரைக்கு. கம்பி வலைக்குப் பின்னால் மூட்டைகள் கண்ணுக்குத் தெரிந்தன.

தபால் பிரிக்கும் அதிகாரி அம்மாள் பொறுமையாகத்தான் கேட்டார். "உள்ள வந்துட்ட தபாலை அனுப்பினவர்கிட்ட திருப்பித் தரக் கூடாதுங்க. எழுதிக் கொடுங்க, மேலிடத்துக்கு அனுப்புறேன். ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாளா? அம்மா, ஞாயித்துக்கிழமை பரீட்சை! அதுங்க வேற எதை வச்சுப் படிக்கும்?" கண்டக்டரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சத்தம் போட்டா சட்டம் மாறிடுமா?"

மச்சினன் அவர் கையை அழுத்தினான். "மேடம், அந்த உறை மேல யார் விலாசம் இருக்குன்னு பாத்துச் சொல்றீங்களா?"

அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒன்றை உருவினார். "எல்லாமே ஒரே விலாசமா இருக்கே!"

"எங்க விலாசம். அனுப்பினவனா கேக்கலை மேடம். எனக்கு வந்த தபாலை வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார், வலைக் கதவைத் திறந்தார். "அஞ்சரைக்கு மேல ஒரு நிமிஷம்கூட வேன் நிக்காது. ஞாபகம் வச்சுக்குங்க."

பின்னாலேயே ஓடிவந்த எட்டுப் பேரும் கூடத்தின் தரையில் உட்கார்ந்தார்கள். திற, உருவு, திருப்பு, செருகு. கண்டக்டரின் அவசரத்தில் அட்டை இரண்டு முறை கீழே விழுந்தது. மச்சினன் மூலையைத் தொடுவதும் திருப்புவதும் ஒரே அசைவாக இருந்தது; பார்வை உள்ள இரண்டு பேர் செய்ததை அவன் ஒருவன் செய்தான். ஐந்தே காலுக்கு இன்னும் எழுபது. வேன்காரர் ஹாரன் அடித்தார். ஐந்தரைக்குக் கடைசி மூட்டையின் வாயைக் கட்டும்போது கண்டக்டரின் கையில் ஓர் உறை மட்டும் இருந்தது.

அதன் அட்டையைத் திருப்பியிருந்தார். பெயரும் விலாசமும் இருக்க வேண்டிய இடத்தில் ஊதாக் கறைதான் இருந்தது. எங்கேயோ மழைத் தண்ணீர் புகுந்து எழுத்தை அழித்துவிட்டது.

"இதை எங்கன்னு அனுப்புறது?" என்றார் அதிகாரி அம்மாள். வேன் போய்விட்டது.

பழையபடி பெயர் படித்திருந்தால் செவ்வாய்க்கிழமையே கண்ணில் பட்டிருக்கும். நாற்பது பேராக இருந்திருந்தால் கறையைப் பார்த்தே யார் என்று சொல்லியிருப்பார். இப்போது அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் யாரோ ஒருவர் பாதிப் பாடத்தோடு தேர்வுக்குப் போகப்போகிறார், அது யார் என்றே இவருக்குத் தெரியாது. அவமானத்தில் அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை, போன் எண்கள் மட்டும் குறித்திருந்த பட்டியலோடு போன் முன்னால் உட்கார்ந்தார். "சங்கத்துலேர்ந்து பேசறேன், சி.டி. வந்துதா?" வந்துவிட்டது என்றவர்களின் எண்ணை அடித்துக்கொண்டே போனார். அன்று சாயங்காலம் முந்நூற்றுச் சொச்சம் மிச்சம். வெள்ளிக்கிழமை இருபத்தொன்பது. மனைவி சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாள், ஆறியதை எடுத்துப்போனாள். அவர் அதற்கு மார்க் போடவில்லை. சனிக்கிழமை மதியம் பட்டியலில் ஒரே ஒரு எண் மிச்சம். காலையிலிருந்து யாரும் எடுக்கவில்லை. ஒன்பதாவது தடவை ஒரு பெண் குரல்.

"சி.டி.யா? இல்லீங்க, வரலை. தபால்காரர் இன்னைக்கும் வந்துட்டுப் போயிட்டாரு. நான்தான் கடைசியாப் பேர் கொடுத்தேன், அதனால என்னை விட்டுட்டீங்கன்னு நெனைச்சேன். பரவாயில்லை. இன்னும் நாலு வருஷம்தானே, அடுத்த தடவை எழுதிக்கிறேன்."

அவள் குரலில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. அதுதான் கண்டக்டரைக் கொன்றது.

"பரவாயில்லைன்னு சொல்லாதம்மா. தப்பு என்னுது. வீடு எங்கன்னு மட்டும் சொல்லு."

அவள் சொன்னாள். மூன்று மணி நேரப் பயணம்.

"ஆறரைக்கு வந்துருவேன். ராத்திரி பூரா இருக்கு. நீ கேட்டுக்கிட்டே இரு, புரியாத இடத்துல நிறுத்திக்க, நாங்க போன்ல இருப்போம்."

"நீங்களேவா வர்றீங்க?"

பதில் சொல்ல அவர் அங்கே இல்லை. ரிசீவர் மேஜையில் கிடந்தது. மச்சினன் அதைத் தடவி எடுத்து, "மாமா கிளம்பிட்டாரும்மா" என்றான்.