கல்லுக்கு எச்சில் உண்டா

வங்காளத்துப் பாலிகஞ்சில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த வைத்தீஸ்வரன் மாமாவின் பெண் தமயந்தி இப்போது சர்க்காரில் பெரிய ஆபீசர். பூமிக்குள் எங்கே தண்ணீர், எங்கே நிலக்கரி என்று பார்த்துச் சொல்கிற உத்தியோகம். நியூ டவுனில் சொந்த ஃபிளாட். எல்லாம் பெருமாள் அனுக்கிரகம். ஆனால் தொண்ணூற்றேழில் அவள் எம்.எஸ்ஸி. ஜியாலஜி படிக்கும்போது அந்தப் படிப்பு நின்றுபோகப் பார்த்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காலேஜிலிருந்து கொண்டுவந்த கல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா விஜயலக்ஷ்மி மாமி கரண்டியும் கையுமாக வந்து பார்த்துவிட்டாள்.

"என்னடி பண்றே?"

"ஈரம் பட்டாத்தாம்மா நெறம் தெரியும். களிமண் கல்லுன்னா நாக்குல ஒட்டும்."

"வகுப்புல எல்லாரும் இப்படித்தானா?"

"எல்லாரும்தான்."

"ஆளுக்கு ஒரு கல்லா?"

தமயந்திக்குச் சூது தெரியாது. "ஒரே கல்லுதான். கை மாத்திப் பார்ப்போம்" என்றாள்.

அத்தோடு முடிந்தது. அடுத்த மாதம் வகுப்பு முழுவதும் காட்சிலா மலைப்பக்கம் போய்க் கூடாரத்தில் தங்கிக் கல் பார்க்க வேண்டும். போகாவிட்டால் பட்டம் கிடையாது. காட்டில் பையன்களோடு தங்குவதைப் பற்றி மாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாம்பைப் பற்றியும் சொல்லவில்லை. "ஊரார் எச்சில் கல்லை நக்கி ஒரு பட்டமும் வேண்டாம்" என்றுவிட்டாள்.

"கழுவிடலாம்மா. கிருமி வராது."

"கிருமியைப் பத்தி யார் பேசினா? பக்கத்து வகுப்புல தரையைச் சம்மட்டியால அடிச்சு, உள்ளே போற சத்தத்தைக் கேக்கறான்னியே, ஜியோபிசிக்ஸோ என்னமோ. அதுல சேர்ந்திருக்கலாமே. காதுக்கு ஏது எச்சில்?"

மாமாவிடம் போனால், துறைமுகத்தில் கப்பலையே நிறுத்துகிற மனிதர், பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். தமயந்தி அழுதுகொண்டு என்னிடம் இறங்கி வந்தாள். கடைசியில் புரொபசரையே கேட்டுவிடலாம் என்று மாமி இறங்கி வந்தது என்னவோ என் புண்ணியம். மாமிக்கு வங்காளம் வராது. எனக்கு மீன்காரர்களுக்கு நடுவே காய்கறி வாங்கிப் பழகிய வங்காளம் உண்டு. மூன்று பேருமாகப் போனோம்.

புரொபசர் லாஹிரி மேஜையிலிருந்த கற்களை நகர்த்திவிட்டு டீ வைத்தார். மாமி டீயைத் தொடவில்லை.

தமயந்தி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அவர் ஆஸ்பத்திரி சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு, "யாருக்கும் வியாதி வந்ததில்லை" என்றார். நான் குறுக்கே புகுந்து, "எண்ட்டோ, ஸார், எண்ட்டோ" என்றேன். எச்சிலுக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பேர்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதை முதலிலேயே சொல்லக்கூடாதா, மாஷிமா? என் அம்மா இருந்தவரைக்கும் சாப்பிட்ட கையால் நான் தண்ணீர்க் குடத்தைத் தொட்டதில்லை" என்றார். பிறகு, மாஷிமாவாகிவிட்ட மாமியைப் பார்த்தே பேசினார். வகுப்பில் ஒரே கல்தான், வாஸ்தவம். ஆனால் மலையில் வெயில் மழை பட்ட பக்கம் பிரயோசனப்படாது. அவரவர் சுத்தியலால் உடைத்துப் புதுப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அது இத்தனை கோடி வருஷமாக வெளிக்காற்றே படாதது.

அவர் சொன்ன கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. கிலோ என்ன விலை என்கிற வரைக்கும்தான் எனக்கு வங்காளத்தில் எண் வரும். "பகவான் படைச்ச நாள்லேர்ந்து ஒருத்தர் கையும் படாத கல்லாம், மாமி" என்று சொல்லிவிட்டேன்.

"ஒருத்தர் கையுமா?"

"காத்துகூடப் படலையாம்."

மாமி மேஜை மேல் இருந்த கற்களை ஒரு தரம் பார்த்தாள். இத்தனை மடியான வஸ்து அவள் சமையலறையிலேயே கிடையாது. "ஸாரும் நாக்குல வெச்சுத்தான் பார்க்கறாராமா, கேளு" என்றாள்.

கேட்டேன். "இல்லை. நான் பல்லில் வைத்துக் கடித்துவிடுவேன். நறநறவென்று இருந்தால் வண்டல்" என்றார்.

நான் சொன்னதும் மாமி டீயை எடுத்து, உதட்டில் படாமல் தூக்கிக் குடித்து முடித்துவிட்டு, தமயந்தியின் பக்கம் திரும்பினாள். "போயிட்டு வா. சுத்தியலை யாருக்கும் கடன் குடுக்காதே. பல்லால மட்டும் கடிக்காதே, இன்னும் கல்யாணம் ஆகலை."

அன்று சாயங்காலமே அம்மாவும் பெண்ணும் கடைக்குப் போனார்கள். இருக்கிறதிலேயே கனமான சுத்தியலாக எடுத்துக் காட்டச் சொன்னதும், எதற்கு என்று கடைக்காரர் கேட்டாராம். கல்லை நக்க என்று எப்படிச் சொல்வது? சமையலுக்கு என்று சொல்லி வாங்கி வந்துவிட்டாள் மாமி.