சொல்லாமல் போகவேண்டிய இடம்

“…அதையும் போடுங்க ஐயா. கண்டி ஆபீஸ்காரங்க வாறாங்கன்னு முன்னாடியே யாரோ பொலிஸுக்குச் சொல்லியிருக்காங்க. அது யாருன்னு விசாரிக்கணும்னு போடுங்க.”

என் பேனா நின்றுவிட்டது.

மாத்தளையில் கோர்ட்டுக்குப் போகிற பாதையோரம் மேசை போட்டு மனு எழுதுகிறவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சிங்களத்தைச் சந்தையிலும் பஸ்ஸிலும் பொறுக்கினேன். சட்ட வார்த்தைகளைப் பழைய மனுக்களைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். வருகிறவர்கள் சொல்லும் பேச்சுகளைக் கெட்டுப்போன தாள்களின் பின்பக்கம் குறித்து வைப்பது என் பழக்கம். “என் கேஸுக்குப் பேரன் பொறந்துட்டான் ஐயா” என்று ஒரு லொறிக்காரர் சொன்னதெல்லாம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

எதிரே உட்கார்ந்திருந்தவள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருப்பவள், முப்பது வயதிருக்கும். புருஷன் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிற நாட்டாமி. ஒரு கடையில் இஞ்சி மூட்டை காணாமல் போனதென்று அவனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவள் என்னிடம் முதல் தடவை வந்தபோது அவன் பொலிஸ் நிலையக் கம்பிக் கூட்டுக்குள் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. முதல் நாள் சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டார்களாம். அடுத்த நாள் வாங்கவில்லை.

“வேலிக்கு வெளிய நின்னேன் ஐயா. அவரு சத்தம் கேட்டுச்சு. கூப்பிடுற சத்தம் இல்ல.”

கண்டியில் ஓர் அலுவலகம் உண்டு. பொலிஸ் கூடு, சிறை, மறியல்சாலை என்று ஆட்களைப் பூட்டிவைக்கிற இடங்களைப் பார்க்கிறதற்கு அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் போவார்கள். தமிழ் ஆட்களிடம் பேசவேண்டி வந்தால் மாத்தளைப் பக்கத்தில் என்னைக் கூட்டிப்போவார்கள். அன்றே அந்த அலுவலகத்து அதிகாரி அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அவர் சிங்களவர், அதிகம் பேசமாட்டார். “நாளைக்கு எட்டு மணிக்கு ரெடியா இருங்க. எங்கேன்னு கேட்காதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றார். எங்கே என்று கேட்கத் தேவையே இல்லை. தகவல் கொடுத்தவனே நான்தானே.

பின்னேரம் நான் அந்த நிலையத்து சார்ஜன்டுக்குப் போன் எடுத்தேன்.

இதை எப்படி எழுதினாலும் அசிங்கமாகத்தான் வருகிறது. சார்ஜன்ட் எனக்குப் பத்து வருஷப் பழக்கம். முறைப்பாட்டுப் பிரதி எடுக்கப் போனால் என்னை வரிசையில் நிற்க விடமாட்டார். என் மகளின் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து கடைசிப் பந்தி வரைக்கும் இருந்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குச் சொல்லாமல் போனால் அது பெரிய குறை. “சொல்லாம வந்துட்டீங்களே, ஒரு தேத்தண்ணி கூட வைக்க முடியலையே” என்று வாசலிலேயே அழாத குறையாகச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் எனக்கு எலும்பில் ஊறியிருந்தது. பொலிஸ் நிலையத்தையும் யாரோ ஒருவர் வீடு போல நினைத்துக்கொண்டேன்.

“மாத்தயா, நாளைக்குக் காலைல இருப்பீங்கதானே? நாங்க ரெண்டு மூணு பேர் அந்தப் பக்கம் வாறோம்.”

“ரெண்டு மூணு பேரா?” என்று கேட்டார். பிறகு சிரித்தார். தம்பி என்கிற இடத்தில் எப்போதும் மல்லி என்பார். “நல்லதாப் போச்சு மல்லி. பால் தேத்தண்ணி போடச் சொல்றேன்.”

அவ்வளவுதான் பேசினோம். போனை வைத்தபிறகு, இனி அந்த மனுஷனை அடிக்கமாட்டார்கள், பயந்து நிறுத்திவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரியம் பண்ணிவிட்டேன் என்றுகூட நினைத்தேன். உண்மை என்னவென்றால், கண்டிக்காரர்கள் வேனில் ஏறிப் போய்விடுவார்கள். அடுத்த நாள் அந்த வாசலில் போய் நிற்கப்போகிறவன் நான்.

காலையில் போனோம். மேசையில் துணி விரித்திருந்தது. கப்பல் வாழைப்பழம், கொக்கிஸ் பலகாரம், நல்ல கோப்பைகள். அம்மா எதையும் தொடவில்லை. “முதல்ல கூட்டைப் பார்ப்போம்” என்று நேரே உள்ளே போனார். பினாயில் வாசம் மூக்கைத் துளைத்தது. அவர் குனிந்து கைவிரலால் தரையைத் தடவினார். ஈரம்.

“இன்னைக்கு என்ன விசேஷம்?”

“சுத்தம் முக்கியம்தானே மேடம்” என்றார் சார்ஜன்ட்.

உள்ளே ஒரே ஒரு ஆள், குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டியவன். அவனைத் தனியாக வைத்து, பொலிஸ்காரர்களை முற்றத்துக்கு அனுப்பிவிட்டுக் கேட்டார். காலையில்தான் கொண்டுவந்தார்கள், தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். பதிவேட்டைத் திறந்தார். நாட்டாமியை நேற்று மாலை பிணையில் விட்டதாக எழுதி, பக்கத்தில் பெருவிரல் அடையாளம் வைத்திருந்தது.

“இவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?” என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

தெரியும். மனைவி சொல்லியிருந்தாள். “தெரியும் மேடம்” என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். குசினி, பின்னால் இருந்த அறைகள், மலசலகூடம் எல்லாவற்றையும் பார்த்தார். ஆள் எங்கேயும் இல்லை. சார்ஜன்ட் என் பக்கமே திரும்பவில்லை. புறப்படும்போது மட்டும் என் சட்டைப் பைக்குள் இரண்டு வாழைப்பழத்தைத் திணித்தார். நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேனில் அம்மா கேட்டார்: “யாருக்காவது சொன்னீங்களா?”

“இல்லை மேடம்.”

அவர் முன்சீட்டில் இருந்த டிரைவரின் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தார். அடுத்த தடவை வந்தது வேறு டிரைவர்.

பிறகுதான் தெரிந்தது, நாட்டாமியை அன்று கிழக்கு வெளுக்கும் முன்பே ஜீப்பில் ஏற்றி நாலந்தாப் பக்கம் ஏதோ ஒரு பழைய ஸ்டோரில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். மேலும் இரண்டு நாள். “உன் பொஞ்சாதிதான் கண்டிக்குச் சொன்னாளா” என்று கேட்டுக் கேட்டு உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். பிறகு, மறுபடி பிடிக்கப் போனபோது ஓடி விழுந்துவிட்டான் என்று கோர்ட்டில் நிறுத்தினார்கள். நீதவான் அவன் நடையைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பிணையும் கொடுத்தார். நாங்கள் போன அன்று அவன் அந்தக் கூட்டுக்குள் இருந்திருந்தால், அந்த இரண்டு நாள் இருந்திருக்காது.

இப்போது அவள் அதற்கு முறைப்பாடு எழுத வந்திருக்கிறாள், என்னிடமே.

“தகரத்துல நடக்கிற பூனை மாதிரி கால வைக்கிறாரு ஐயா. இனி மூட்டை தூக்க ஏலாது” என்று அவள் சொன்னபோது, எவ்வளவு சரியாகச் சொல்கிறாள் என்று என் மனம் ஒரு கணம் ரசித்தது. பின்பக்கம் குறித்து வைக்கத் தாள்கூடத் தேடினேன். அதற்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.

“ஏன் ஐயா நிப்பாட்டிட்டீங்க? அத எழுதக் கூடாதா?”

“எழுதலாம் தங்கச்சி.”

“கண்டி ஆபீஸ்ல யாராச்சும் காட்டிக் குடுத்திருப்பாங்களா?”

அந்த டிரைவரின் தலை ஞாபகம் வந்தது. ஆமாம் என்றால் அவள் நம்பிவிடுவாள். அந்த வரியை எழுதாமலே விட்டுவிட்டு, எழுதியாயிற்று என்று சொன்னாலும் நம்புவாள். தமிழ் நன்றாக வாசிப்பாள், நான் மனு எழுதுகிற சிங்களத்தில் ஓர் எழுத்துத் தெரியாது.

“நான்தான் சொன்னேன்” என்றேன்.

“என்னது?”

“நாங்க போனதுக்கு முதல் நாள் பின்னேரம் சார்ஜன்டுக்குப் போன் எடுத்தேன். தெரிஞ்ச மனுசன். சொல்லாமப் போனா மரியாதை இல்லைன்னு…”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். மேசையில் கிடந்த குண்டூசிப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க வீட்டுக்காரர இழுத்துட்டுப் போகும்போது சொல்லிட்டா வந்தாங்க? அவங்களுக்கு மட்டும் மரியாதையா ஐயா?”

நான் பேனாவை மேசையில் வைத்தேன்.

“எழுதுங்க” என்றாள். “நீங்க சொன்னீங்கன்னே எழுதுங்க. பேரோட.”

எழுதினேன். போன் எடுத்த நேரம், பேசிய வார்த்தை, அம்மா கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னது, டிரைவர் மேல் பிழையில்லை என்பது. ஓர் இடத்தில் மை கசிந்தது.

“வாசிங்க.”

வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

“உங்க பேரு எங்க இருக்கு?”

விரல் வைத்துக் காட்டினேன். அந்த வட்ட வட்ட எழுத்துகளை அவள் நெடுநேரம் பார்த்தாள். கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவை நீட்டினேன். அதை அவள் வாங்கவில்லை. தாளை எடுத்து மை காயும் மட்டும் ஊதினாள். பிறகு எழுந்து, இரண்டு பஸ் போகும் வரை நின்று, பாதையைக் கடந்தாள். எதிர்ப்பக்கத்தில் மனு எழுதுகிற முஸ்லிம் நானாவின் மேசைக்குப் போய், அதைச் சத்தமாக வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள்.